ஊரடங்கில் வீட்டு முடிவெட்டு: நாலாம் நம்பரில் தொடங்குங்கள்

கேள்வி, 12 ஏப்ரல் 2020

சலூன் மூடி மூன்று வாரம் ஆகப்போகிறது. வீட்டில் இருப்பது ஒரு தாடி ட்ரிம்மரும் தையல் கத்தரியும்தான். பையன்கள் இரண்டு பேர், மாமனார் ஒருவர். மொட்டை போட்டுவிடுவதே சுலபம் என்கிறார் வீட்டுக்காரர். வீடியோக்களில் எல்லாரும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். நிஜத்தில் ஆகுமா, இல்லை வளரட்டும் என்று விட்டுவிடலாமா?

12 ஏப்ரல், இரவு

ஆகும். ஐந்து நிமிடத்தில் ஆகாது. பழகாத கைக்கு ஒரு தலை முக்கால் மணி நேரம். இரண்டு பையன்களையும் ஒரே நாளில் உட்கார வைக்காதீர்கள். முதல் தலையில் செய்த தப்பு மறுநாள்தான் வெளிச்சத்தில் தெரியும்.

மொட்டை சுலபம் என்பது தப்பு. மழமழவென்ற மொட்டைக்குச் சவரக் கத்தி வேண்டும். தலை எல்லாப் பக்கமும் வளைவு, காதுக்குப் பின்னால் பள்ளம், பிடரியில் மடிப்பு. கன்னம் வழிக்கிற பிளேடு அங்கே கீறும். சீப்பு மாட்டாமல் ட்ரிம்மரை ஓட்டும் ‘மிஷின் மொட்டை’ வேண்டுமானால் செய்யலாம்.

ட்ரிம்மரைத் தொடுமுன் ஒன்று. சலூனில் ‘நம்பர்’ என்பது மிஷின் நுனியில் மாட்டுகிற பிளாஸ்டிக் சீப்பின் எண். 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13, 8 என்றால் 25. தாடி ட்ரிம்மரில் இருக்கிற 3 அதுவல்ல. சிலதில் அது நேராக 3 மில்லிமீட்டர். ‘20 செட்டிங்’ என்று விற்கிறவற்றில் ஒவ்வொரு படியும் அரை மில்லிமீட்டராக இருக்கும், அங்கே 3 வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும். “சலூனில் மூணு நம்பர்தானே போடுவோம்” என்று ட்ரிம்மரில் மூன்றை வைத்துப் பிடரியில் ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது கதை. பெட்டியோடு வந்த தாளில் படிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தாள் தொலைந்துவிட்டால் சீப்பின் பல் நுனியிலிருந்து பிளேடு வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். துல்லியமாக வராது, 3-ஆ 13-ஆ என்பதற்கு அது போதும்.

13 ஏப்ரல்

இடமும் சாமானும். முதுகு சாயும் நாற்காலி வேண்டாம், பிடரிக்குக் கை போகாது. முக்காலி அல்லது ஸ்டூல். உட்காருபவரின் தலை, வெட்டுகிறவரின் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பையன் குள்ளமாக இருந்தால் ஸ்டூல் மேல் தலையணை. நேர் வெயில் விழாத பால்கனி நல்லது. வெயில் விழுந்தால் நிழலையும் மேடு பள்ளத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது.

போர்த்த வேஷ்டி, துண்டு எடுக்காதீர்கள். பருத்தியில் முடி குத்திக்கொண்டு நிற்கும், மூன்று துவைப்புக்கும் போகாது. பழைய பாலியஸ்டர் புடவையை இரண்டாக மடித்துக் கட்டினால் வழுக்கிக் கீழே விழும். கழுத்தைச் சுற்றி மட்டும் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து அதன்மேல் புடவையைக் கட்டி, பின்னால் துணி கிளிப் ஒன்று. குடையைத் தலைகீழாகப் பிடித்து அதற்குள் தலையை விடும் படம் ஒன்று சுற்றுகிறது. முடி விழுவது குடையில், கம்பி இடிப்பது தாடையில்.

கையில் இருக்க வேண்டியவை: நெருக்கமான பல் சீப்பு ஒன்று, அகலப் பல் ஒன்று, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பழைய பெயிண்ட் பிரஷ் (கழுத்தில் தட்ட), கைக்கண்ணாடி. தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும்.

14 ஏப்ரல்

சித்திரை ஒன்றும் அதுவுமாக ஊரடங்கை மே 3 வரை நீட்டித்தாயிற்று. ஆக, ‘இன்னும் இரண்டு நாளில் கடை திறக்கும்’ என்று காத்திருந்தவர்களும் இப்போது இந்தப் பக்கம் வருகிறார்கள். இன்று செவ்வாய். சாதாரண நாளாக இருந்தாலும் பல ஊர்களில் சலூனுக்கு லீவுதான், அந்த வகையில் இன்றைக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அவசரம் இல்லாதவர்களுக்கு: தலைமுடி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். மூன்று வாரத்தில் கூடியிருப்பது ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. உச்சி முடியை யாரும் கவனிப்பதில்லை. காட்டுமிராண்டித்தனமாகத் தெரிவது காது ஓரமும் பிடரியும்தான். அந்த இரண்டை மட்டும் சரிசெய்தால் இன்னும் மூன்று வாரம் தள்ளலாம்.

15 ஏப்ரல்

முறை. நீளமாக எழுதுகிறேன், இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

தலையில் ஒரு கோடு இருக்கிறது. காதுக்கு மேலே பக்கவாட்டில் தலை வாரும் சீப்பைத் தட்டையாக ஒட்டி வைத்து மேலே பாருங்கள். தலை உள்ளே வளையத் தொடங்கும் இடத்தில் சீப்பு தலையை விட்டு விலகும். விலகுகிற புள்ளியை இரண்டு பக்கமும் பார்த்து, அதற்கு மேல் உள்ள முடியைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். மிஷினுக்கு வேலை அந்தக் கோட்டுக்குக் கீழேதான். மேலே கத்தரிக்கு.

13 மில்லிமீட்டர் சீப்பை மாட்டுங்கள், அதாவது சலூன் நாலாம் நம்பர். ‘டக்’ என்று பூட்டியதா என்று இழுத்துப் பாருங்கள். பாதி மாட்டிய சீப்பு நடு வழியில் கழன்று விழுந்து, மிஷின் மட்டும் மேலே போவதுதான் வீட்டு முடிவெட்டில் நடக்கிற மிகப் பெரிய விபத்து. ஒவ்வொரு முறை முடியைத் தட்டும்போதும் மறுபடி இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

பிடரி நடுவில் தொடங்கி, கீழிருந்து மேலே, மெதுவாக. சீப்பின் பல் தலையைத் தொட்டபடியே போக வேண்டும். கோட்டுக்கு வந்ததும் தலையோடு சேர்ந்து மிஷினையும் உள்ளே வளைக்காதீர்கள். தலை வளையட்டும், மிஷின் நேராக மேலே போய்க் காற்றில் முடியட்டும். அங்கே இயல்பாகவே முடி கொஞ்சம் நீளமாக நிற்கும், மேல் முடியோடு கலப்பதற்கு அதுதான் வேண்டும். வளைத்தால் உச்சியில் ஒரு படிக்கட்டு, கீழே ஒரு படிக்கட்டு.

ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதியை மூடட்டும். ஒரு சுற்று முடிந்ததும் அதே நம்பரில் குறுக்காக ஒரு சுற்று. அப்போதும் முடி விழும், பயப்பட வேண்டாம், முதல் சுற்றில் படுத்துக் கிடந்தவை.

பிறகு 10 மில்லிமீட்டர். காதுக்கு மேல் இரண்டு விரல் அகலம், பின்னால் பின்மண்டையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு வரை. கடைசியாக 6 மில்லிமீட்டரில் அடி ஓரம் மட்டும் ஒரு விரல் அகலம். முதல் தடவை 6 போடாமல் விட்டாலும் குற்றமில்லை.

தாடி ட்ரிம்மர் என்றால் இரண்டு விஷயம் கூடுதல். பிளேடு மூன்று சென்டிமீட்டர் அகலம்தான், இழுப்பு அதிகம் வேண்டும். மோட்டாருக்கும் வலு கம்மி, நீள முடியில் விட்டால் வெட்டாமல் கவ்வி இழுக்கும், பையன் கத்துவான். முதலில் கத்தரியால் இரண்டு விரல் நீளத்துக்குக் குறைத்துவிட்டு அப்புறம் ட்ரிம்மர். முழு சார்ஜில் தொடங்குங்கள். பேட்டரி இறங்கும்போது பிளேடு வேகமும் இறங்கும், சத்தம் மாறினாலே நிறுத்திவிட வேண்டும். சார்ஜ் போட்டபடியே ஓடாத மாடல் நிறைய, பாதித் தலையோடு எட்டு மணி நேரம் காத்திருக்க நேரும்.

15 ஏப்ரல், பின்னிரவு

காதைப் பற்றி மறந்துவிட்டேன். காதை முன்பக்கம் மடித்துப் பிடித்துக்கொண்டு, சீப்பைக் கழற்றிவிட்டு, ட்ரிம்மரின் ஒரு மூலையை மட்டும் தொட்டு ஓரம் எடுங்கள். முழு அகலத்தையும் வைத்தால் காதுக்கு மேல் பிறை நிலா விழும்.

கிருதா இரண்டும் ஒரே மட்டமா என்று காதை வைத்து அளக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. எதிரே நின்று இரண்டு ஆள்காட்டி விரலையும் கிருதா நுனியில் வைத்துக் கண்களின் மட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

16 ஏப்ரல்

13-ஆம் தேதி குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். ‘குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும்’ என்றேன். அதைப் படித்தவர் ஒருவர் ஈரத் தலையில் ட்ரிம்மர் விட்டிருக்கிறார், சீப்பு முழுக்க முடி அப்பிக்கொண்டு திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. என் எழுத்துதான் தப்பு. மிஷினுக்கு முடி முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். கத்தரிக்கு ஈரம் வேண்டும். குளிக்கச் சொன்னது எண்ணெய்க்காக. நம் தலைகளில் தேங்காய் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. எண்ணெய் முடி கற்றை கற்றையாக ஒட்டி நின்று சீப்புப் பல்லுக்குள் நுழையாது. முந்தின நாளே எண்ணெய் வைக்காமல் விட்டு, சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசி, காயவிட்டு மிஷின் வேலை முடித்து, பிறகு மேல் பகுதிக்கு மட்டும் தண்ணீர் தெளித்துக் கத்தரி. இந்த வரிசை.

‘கீழிருந்து மேலே’ என்றதும் பாதி உண்மைதான். முடி வளரும் திசைக்கு எதிராக என்று சொல்லியிருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் முடி பிடரி நடுவை நோக்கிச் சாய்வாக வளரும். சிலருக்குப் பிடரியில் மேல் நோக்கியே வளரும். விரலால் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் சொரசொரவென்று எதிர்க்கிறதோ, அந்தப் பக்கம் மிஷின்.

18 ஏப்ரல்

கத்தரி. தையல் கத்தரி கனம், நீளம். துணியைப் பலகையில் கிடத்தி வெட்டுவதற்குச் செய்தது. நேர்கோட்டில் நுனி எடுக்கலாம், காது பக்கம் கொண்டு போகவே கூடாது. காகிதம் வெட்டும் கத்தரி முடியை வெட்டாமல் முன்னால் தள்ளும், அதனால் நேராக வெட்டியது சாய்வாக வரும். சமையலறைக் கத்தரியின் பல் முடியை மெல்லும். கூர் பார்க்க: டிஷ்யூ பேப்பரை நனைத்துப் பிடித்து வெட்டுங்கள். கிழியாமல் வெட்டினால் முடிக்கு ஆகும். மருந்துக்கடையில் தாடி மீசைக்கு விற்கும் நாலங்குலச் சிறு கத்தரி இந்த எல்லாவற்றையும் விடத் தேவலை.

மோதிர விரல் ஒரு வளையத்தில், கட்டைவிரல் நுனி மட்டும் மற்றதில். கட்டைவிரல் மட்டும் அசைய வேண்டும். கீழ்ப் பிளேடு அசையாமல் நிற்கும். இதைப் பத்து நிமிடம் காற்றில் பழகுங்கள்.

உச்சி முடியை ஈரப்படுத்தி நெற்றியிலிருந்து சுழி வரை மூன்று பட்டையாகப் பிரியுங்கள். நடுப் பட்டையில் தொடங்கி, இடது கை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் முடியைப் பிடித்துத் தலைக்கு நேர் மேலே தூக்கி, விரலுக்கு வெளியே நிற்பதை வெட்டுங்கள். வெட்டிய பிடியில் கொஞ்சத்தை அடுத்த பிடியோடு சேர்த்துத் தூக்கினால் அந்த நீளமே வழிகாட்டி. நடு முடிந்ததும் அதை அளவாக வைத்து இரண்டு பக்கமும்.

ஈர முடி நீண்டு தொங்கும், காய்ந்ததும் ஏறிவிடும். நேர் முடிக்கு அரை சென்டிமீட்டர், சுருட்டைக்கு ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். நெற்றி முடியைக் கடைசியில், அதையும் குறுக்காக வெட்டாமல் கத்தரியை நெடுக்காகப் பிடித்து நுனியில் கொத்திக் கொத்தி. குறுக்கே வெட்டினால் தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி ஆகும்.

இடது நடுவிரல் கணுவில் வெட்டுக்காயம் வரும். எல்லாருக்கும் வரும். பழகும் வரை அந்த விரலில் பிளாஸ்திரி ஒன்று முன்னதாகவே ஒட்டிக்கொள்ளுங்கள்.

21 ஏப்ரல்

சுழி. உச்சிச் சுழியில் முடி வட்டமாக எழும்பி வளர்கிறது. குட்டையாக வெட்டினால் படுக்காது, அன்டெனா மாதிரி நிற்கும். சுற்றியுள்ள முடியை விட ஒரு சென்டிமீட்டர் நீளமாக விட்டால் தன் கனத்திலேயே படியும். அல்லது ஒரேயடியாக 6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட வேண்டும், நிற்கவும் நீளம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் வெட்டுவதுதான் ஆபத்து. இரட்டைச் சுழி உள்ளவர்களுக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். வெட்டுகிறவருக்கு இரண்டு மடங்கு வேலை, அதுதான் நிச்சயம்.

26 ஏப்ரல்

குழந்தைகள். ஐந்து வயதுக்குள் என்றால் மிஷின் சத்தமே பிரச்சினை. முதல் நாள் வெட்டாமல் மிஷினை ஓடவிட்டு உள்ளங்கையில் தொட்டுக் காட்டுங்கள், அவ்வளவுதான். மறுநாள் பின்னாலிருந்து தொடங்குங்கள். முன்னால் தொடங்கினால் முகத்தில் முடி விழுந்து அழுகை, மிச்சம் அப்படியே நிற்கும். பின்னும் பக்கமும் ஒரு நாள், மேல் மறுநாள் என்று பிரித்தாலும் யாரும் அபராதம் போடப்போவதில்லை. பிளேடு சூடாகும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள். பெரியவர் பொறுத்துக்கொள்ளும் சூடு குழந்தைக்குச் சுடும். பேன் இருந்தால் முதலில் பேன் சீப்பு.

கேட்டவரின் மாமனாருக்கு: வயதானவர் தோல் தளர்ந்திருக்கும், இடது கையால் பிடரித் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். காதுக்குப் பின்னும் பிடரியிலும் மரு, மச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவிவிட்டுத் தொடங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், சர்க்கரை உள்ளவர் என்றால் கழுத்துக்கு சவர பிளேடே வேண்டாம், ட்ரிம்மரோடு நிறுத்துங்கள்.

2 மே

இரண்டு வாரமாகக் குவியும் ‘ஐயோ’க்களுக்கு மொத்தமாக.

பக்கவாட்டில் படிக்கட்டு: இடைப்பட்ட நம்பர் இல்லாமல் 13-லிருந்து நேராக 6-க்கு இறங்கியதால். கோடு தெரிகிற இடத்தில் 10 மாட்டி, கோட்டின் மேல் மட்டும் குட்டியாக நாலைந்து தட்டு. சீப்பு அதற்கு மேலே போகக் கூடாது. போனால் கோடு மறையாது, மேலே குடிபோகும். மிஷினில் பக்கவாட்டு நெம்புகோல் இருந்தால் இன்னும் வசதி, திறந்தால் ஏறக்குறைய அரை நம்பர் கூடும்.

பிடரிக் கோடு மேலே ஏறிவிட்டது: இதற்கு மருந்து கிடையாது. ஒரு பக்கம் ஏற, சமப்படுத்த மறுபக்கம் ஏற்ற, குரங்கு அப்பம் பங்கு வைத்த கதைதான். இயற்கையான மயிர்க்கோட்டுக்கு மேலே நேர்கோடு போட்டால் ஒரு வாரத்தில் கோட்டுக்குக் கீழே முள் முளைத்துவிடும். கோடு போடாமல் அடிப்பக்கத்தை மெலிவாக்கி விடுவதே வீட்டுக்கு உகந்தது.

வழுக்கைத் திட்டு: சீப்பு கழன்றதால். 3 மில்லிமீட்டர் 6 ஆக எட்டு முதல் பத்து நாள், 13 ஆக ஒரு மாதம். ஒன்று காத்திருக்கலாம், அல்லது மொத்தத் தலையையும் ஒரு நம்பர் இறக்கலாம். வேறு வழி இல்லை. கண்மை தீட்டி மறைப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மே மாதம். கழுத்து வழியாக இறங்கும்.

மேல் முடி ஒரு பக்கம் கனம்: பெரும்பாலும் தலையைச் சாய்த்து உட்கார்ந்ததுதான் காரணம். மொபைலைக் கையில் கொடுத்தால் தலை குனியும், பின்முடி நீளமாகத் தெரியும், அதிகம் வெட்டிவிடுவீர்கள். டிவி கண் மட்டத்தில் இருந்தால் பரவாயில்லை.

5 மே

நேற்று முதல் பச்சை, ஆரஞ்சு மண்டலங்களில் அத்தியாவசியம் அல்லாத பொருள்களும் ஆன்லைனில் வரலாம். சென்னை சிவப்பு, காத்திருக்க வேண்டும். வாங்குபவர்களுக்கு: தாடிக்கும் தலைக்கும் ஒன்றே என்பதை வாங்காதீர்கள். நாலு சென்டிமீட்டருக்குக் குறையாத பிளேடு, பக்கவாட்டு நெம்புகோல், தனித்தனியாக எட்டு சீப்பு. வயர் உள்ள மிஷின் கனமானது, சத்தமும் அதிகம், ஆனால் பாதியில் சாகாது. அதில் சிலவற்றுக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். மின்னழுத்தம் மாறினால் கடகடவென்று அடிக்கும். அந்தத் திருகைச் சத்தம் பலமாகும் வரை திருப்பி, பிறகு சத்தம் நிற்கும் வரை பின்னால் கொண்டுவந்தால் சரியாகும். ரிப்பேர் என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

எண்ணெய்: வெட்டுவதற்கு முன்னும் பின்னும் பிளேடில் இரண்டு மூன்று சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், பிசுக்காகி முடியை ஒட்டவைக்கும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் கேட்கவே வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே உறைந்தே போகும்.

10 மே

நீள முடி பற்றி ஒருவர் காரமாகக் கேட்டிருக்கிறார், ‘ஆண்களுக்கு மட்டும்தான் தலை இருக்கிறதா’ என்று. நியாயம்.

நுனி மட்டும் எடுக்க: அலசி, ஈரமாக, நடு வகிடு எடுத்து நேராக வாருங்கள். பின்னால் தொங்குவதை அகலப் பல் சீப்பால் கீழ்வரை இழுத்து, வெட்ட வேண்டிய இடத்துக்கு மேலே ஒரு ரப்பர் பேண்ட். அது நேர்கோடாக இருக்கிறதா என்று பார்த்து அதற்குக் கீழே வெட்டுங்கள். உட்காருபவர் முகவாய் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், குனிந்தால் உள்முடி நீளும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்காதீர்கள்.

தனியாக வெட்டிக்கொள்ள குதிரைவால் போட்டு வெட்டுவது: எங்கே கட்டுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். பிடரியில் தாழ்வாகக் கட்டி வெட்டினால் ஏறக்குறைய நேராகவோ மெல்லிய வளைவாகவோ வரும். உச்சியில் கட்டி வெட்டினால் அவிழ்த்ததும் மேல்முடி குட்டை, அடிமுடி நீளம், அதாவது லேயர். நேர் வெட்டு வேண்டும் என்று உச்சியில் கட்டி ஏமாந்தவர்களே அதிகம்.

வெடித்த நுனிக்கு மட்டும் என்றால் நீளத்தைத் தொடவே வேண்டாம். சிறு கற்றையை முறுக்குங்கள், முறுக்கிலிருந்து பிதுங்கி நிற்கும் நுனிகளை மட்டும் எடுங்கள். பொறுமைக்கான வேலை. ஊரடங்கில் அதற்குத்தான் பஞ்சமில்லையே.

19 மே

கிராமப்புற சலூன்கள் இன்று முதல் திறக்கலாம். கிழமையைப் பார்த்தீர்களா? செவ்வாய்! முதல் நாளே லீவு போட வைத்துவிட்டார்கள்.

23 மே

நாளை முதல் சென்னை காவல் எல்லைக்கு வெளியே மற்ற இடங்களிலும். சென்னைவாசிகள் கத்தரியைக் கீழே வைக்க வேண்டாம்.

2 ஜூன்

சென்னையிலும் நேற்றிலிருந்து. பெயர், முகவரி, போன், ஆதார் எண் குறித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு, ஏசி கூடாது, துணி ஒரு தடவை மட்டும். முடி வெட்ட ஆதாரா என்று சிரிப்பவர்களுக்கு: தொற்று வந்தால் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று தேடுவதற்கு. இருந்தாலும் சிரிப்பு வருகிறதுதான்.

கடைக்குப் போவதானால் முகக்கவச நாடா காதுக்குப் பின்னால் மாட்டுவது வேண்டாம், ஓரம் எடுக்க முடியாது. கவசத்தைக் கழற்றாமல் இருக்க, காது ஓரம் எடுக்கும் நேரத்தில் நாடாவைக் கழற்றிக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு மாதம் தாடி வளர்த்தவர்களுக்கும் ஒன்று: என்-95 போடுவதென்றால் தாடி கூடாது. கவச ஓரம் தோலில் ஒட்டினால்தான் அது என்-95, முடி நடுவில் வந்தால் காற்று ஓரமாகப் போகும். மீசை கவசத்துக்குள் அடங்கினால் இருக்கட்டும்.

20 ஜூன்

சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூரில் நேற்று முதல் மறுபடி முழு ஊரடங்கு, 30 வரை. அதனால் இந்தக் கேள்வி-பதில் இழை மறுபடி மேலே வந்துவிட்டது.

ஒருவர் மிஷினை சானிடைசரில் முக்கியிருக்கிறார். வேண்டாம். ஜெல் உள்ளே இறங்கிப் பிசினாகும், மோட்டார் போகும். பிரஷ்ஷால் முடியைத் தட்டி, 70 சதவீத ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுப் பிளேடை மட்டும் துடைத்து, முழுதாக உலர்ந்த பிறகு எண்ணெய். ஈரத்தோடு ஸ்விட்ச் போடாதீர்கள், ஸ்பிரிட் தீப்பிடிக்கும். பிளேடைக் கழற்றினால் மாட்டும்போது கவனம்: அசையும் பிளேடின் பல் நுனி, அசையாத பிளேடின் நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். சமமாகவோ வெளியிலோ வந்தால் தோலைக் கிழிக்கும்.

வெட்டிய முடியை என்ன செய்வது? ‘வெட்டினதும் நேரே குளியலறை’ என்பது நம் வழக்கம், அதனால்தான் குளியலறைச் சாக்கடை அடைக்கிறது. முதலில் உடம்பில் தட்டி, தரையைக் காய்ந்தபடியே பெருக்கி அள்ளி, பிறகு குளிக்கட்டும். வடிகால் துளையில் பழைய தேநீர் வடிகட்டி வலையை வையுங்கள். மாடித்தோட்டம் போட்டவர்கள் மக்கும் குப்பையில் சேர்க்கலாம். நைட்ரஜன் நிறைய, ஆனால் மக்க மாதக்கணக்கில் ஆகும். உதிரியாகப் பிரித்துத் தூவுங்கள், பந்தாகப் போட்டால் பந்தாகவே கிடக்கும்.

11 மே 2021

ஒரு வருடம் கழித்து அதே இடம். நேற்று முதல் மறுபடி முழு ஊரடங்கு, சலூன் இல்லை. இந்தத் தடவை மிஷின் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, பாதி ஓடவில்லை. பேட்டரி முழுதாக வடிந்து ஒரு வருடம் அலமாரியில் கிடந்ததால். எட்டு மணி நேரம் சார்ஜில் போட்டும் பத்து நிமிடம்கூட ஓடாவிட்டால் பேட்டரி செத்தது, சில மாடல்களில் மாற்றலாம். இழுக்கிறது, வெட்டவில்லை என்றால் பெரும்பாலும் மொட்டையானது பிளேடு அல்ல, இடுக்கில் இறுகிய பழைய முடியும் துருவும். கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.

தனக்குத்தானே வெட்டிக்கொள்ள நிறையப் பேர் கேட்கிறார்கள், வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்கள். காய்ச்சலும் களைப்புமாக இருக்கும்போது வேண்டாம், தேறிய பிறகு பார்க்கலாம். ஒரே நம்பர், தலை முழுக்க, அதுதான் தனியாளுக்கு ஏற்றது. 13 மாட்டிக் கண்ணாடியே பார்க்காமல் கையால் தடவித் தடவி ஓட்டலாம். பிடரி ஓரத்துக்கு மட்டும் இரண்டு கண்ணாடி. கண்ணாடியில் கை எதிர்ப்பக்கம் போகிற மாதிரி குழப்பும். இடது ஆள்காட்டி விரலைப் பிடரியில் மயிர்க்கோட்டின் மேல் படுக்கவைத்து, ட்ரிம்மரைக் கழுத்திலிருந்து விரல் வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். விரல்தான் வேலி. அதைத் தாண்டாது.

14 ஜூன் 2021

27 மாவட்டங்களில் இன்று முதல் சலூன் உண்டு. மேற்கிலும் டெல்டாவிலும் தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு இன்னும் இல்லை.

கடைக்குப் போகிறவர்களுக்கு: “வீட்டுலதான் வெட்டினோம்” என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம், சீப்பை வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் எத்தனை நம்பர் போட்டீர்கள், வெட்டி எத்தனை நாள் ஆயிற்று, பிடரிக் கோடு எந்தப் பக்கம் ஏறியது, இந்த மூன்றைச் சொன்னால் போதும். ஏறின பக்கத்தைத் தொடாமல் மற்ற இடத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வர இன்னும் ஒரு வெட்டு ஆகும், அதுவரை வீட்டு மிஷினைப் பாதி சார்ஜில் வைத்து, பிளேடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சீப்புகளை நம்பர் வாரியாக ஒரே டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். போன தடவை எல்லாரும் தொலைத்தது அந்த நாலாம் நம்பர் சீப்பைத்தான்.